மண் பிளாக், ராட் ட்ராப் செங்கல், ஏஏசி பிளாக்: நம்ம ஊர் தனி வீட்டுக்கு எந்தச் சுவர்?

சூழலுக்குக் கெடுதல் இல்லாம, சித்திரை வெயில்லயும் உள்ள உக்கார முடியுற மாதிரி வீடு கட்டணும்னு கேக்குறவங்ககிட்ட இப்போ மூணு சுவரோட பேருதான் மாறி மாறி வருது. ஒண்ணு ஆரோவில் பக்கம் பாக்குற மண் பிளாக், ரெண்டாவது லாரி பேக்கர்ங்கிற கட்டிடக்கலைஞர் கேரளாவுல பரப்புன ராட் ட்ராப் செங்கல் கட்டு, மூணாவது அப்பார்ட்மென்ட் சைட்டுல எல்லாம் சாம்பல் வெள்ளையா அடுக்கி வச்சிருக்க ஏஏசி பிளாக், அதாவது உள்ள காத்துக் குமிழி நிறைஞ்ச லேசான கான்கிரீட் கல்லு. மூணையும் பசுமைக் கட்டிடம்னுதான் விக்கிறாங்க. பொதுவா எது நல்லதுன்னு கேட்டா பதில் சொல்ல முடியாது, மனைல என்ன மண்ணு, எத்தனை மாடி, ஊர் கடலோரமா உள்நாடா, இது தெரியணும். கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு ஒரு தனி வீடுன்னே வச்சுக்கிட்டு எழுதுறேன்.

மண் பிளாக்ல இருந்து ஆரம்பிக்கிறேன், எனக்கு மனசு அதிகம் போறது இதுலதான். மண்ணோட சுமார் 5% சிமென்ட் கலந்து, லேசா ஈரம் பண்ணி, பிரஸ்ல போட்டு அழுத்தி எடுக்குறது, சூளையே கிடையாது, விறகு நிலக்கரி எதுவும் எரியல. அப்புறம் நாலு வாரம் ஈரம் காயாம மூடி வச்சு க்யூரிங் பண்ணணும், இந்த நாலு வாரத்தைச் சுருக்குனா கல்லு உதிரும், அப்புறம் மண்ணு மேல பழி வரும். ஆரோவில்ல விகாஸ்னு ஒரு குடியிருப்பு இருக்கு, அதுல ஒரு கட்டிடம் 13 வீடுங்க, நாலு தளம், பேஸ்மென்ட்டுக்குத் தோண்டுன மண்ணை வச்சே கட்டுனது. மண்ணு வீடுன்னா ஒரு மழைக்குக் கரைஞ்சிடும்னு சொல்றவங்க அதை ஒரு தடவை போய்ப் பாக்கணும்.

ஆனா எல்லா மண்ணுக்கும் இது ஒத்து வராது. மண் கட்டுமானத்தை ஆராய்ச்சி பண்ற ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் சிமென்ட் கலக்குறதுக்கு நல்ல மண்ணுன்னு சொல்ற அளவு, பொடிக்கல் 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். செம்மண் பூமில இதுக்குக் கிட்டத்தட்ட வந்துடும், குறைஞ்சா மணல் சேத்து சரி பண்ணிக்கலாம். கரிசல்ல கஷ்டம், அது ஈரத்துல உப்பும் காஞ்சா வெடிக்கும், சுண்ணாம்பு சேத்து முயற்சி பண்றாங்க, ஆனா புதுசா கட்டுறவங்க அதுல இறங்க வேணாம்னுதான் சொல்வேன். ஒரு கண்ணாடி பாட்டில்ல பாதி மண்ணு போட்டு தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி வச்சீங்கன்னா மணல் முதல்ல அடியில உக்காரும், அது மேல வண்டல், கடைசியா களி, தோராயமான பங்கு கண்ணுக்கே தெரியும், லேப் டெஸ்ட்டுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க. மேல் மண்ணைத் தனியா எடுத்து தோட்டத்துக்கு வச்சிடணும், வேரும் மக்கும் இருக்க மண்ணு பிளாக்குக்கு ஆகாது. மண்ணு உங்க மனையில இல்லாம 40 கிலோமீட்டர் தள்ளி இருந்து லாரில வருதுன்னா இந்தக் கல்லோட நியாயமே பாதி போயிடுது.

தண்ணி பட்டா இதோட பலம் நல்லாவே குறையும், பாதிக்குக் கிட்ட வந்துடும்னு கணக்கு வச்சுக்கிட்டுத்தான் டிசைன் பண்ணுவாங்க. அதனால கடலூர், நாகை மாதிரி ஐப்பசி கார்த்திகை மழை அடிச்சு ஊத்துற ஊர்ல அடித்தளத்தை உசத்தி, கூரையை நல்லா வெளிய நீட்டி விடணும்.

ராட் ட்ராப் கதை வேற. இது புதுக் கல்லு இல்ல, அதே செங்கல்லைப் படுக்க வைக்காம செங்குத்தா நிறுத்தி, நடுவுல வெத்திடம் விட்டுக் கட்டுற முறை. சுவர் கனம் அதே 9 இன்ச், செங்கல் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு மிச்சம், கலவையும் மிச்சம், உள்ள இருக்க காத்து வெயிலைக் கொஞ்சம் தடுக்கும். வீட்டுக்கு வேண்டிய பொருள் அஞ்சு மைல் சுத்தளவுல கிடைக்கணும்ங்கிற காந்தியோட பேச்சைப் பேக்கர் வாழ்நாள் முழுக்கப் புடிச்சுக்கிட்டாரு, திருவனந்தபுரத்துல அவர் கட்டுன வளர்ச்சி ஆய்வு மையத்துக் கட்டிடங்களைப் பாத்தா பூச்சு இல்லாத செங்கல் எவ்வளவு அழகுன்னு புரியும். குறைன்னா, கல்லு அளவு ஒரே மாதிரி இருக்கணும், கோணல் நாட்டுக்கல்லுல வராது, சேம்பர் சூளையில ஒரே அளவா வர்ற சேம்பர் கல்லு வேணும். மூலையிலயும் ஜன்னல் கதவு ஓரத்துலயும், கீழ் வரிசை மேல் வரிசையிலயும் வெத்திடம் இல்லாம கெட்டியா கட்டணும். வயரிங் பைப்பைக் கட்டும்போதே உள்ள விட்டுடணும், பின்னாடி எலெக்ட்ரீஷியன் வந்து சுவரை வெட்டுனா நின்ன கல்லு உடைஞ்சு வெத்திடம் வாயைத் திறந்துடும். அப்புறம், கல்லு கம்மி ஆனாலும் அது சூளையில வெந்த கல்லுதான், அதுக்கு எங்கயோ ஒரு வயல் மண்ணு போயிருக்கு.

ஏஏசி பத்தி சுருக்கமா. அனல்மின் நிலையத்துல மிஞ்சுற பறக்கும் சாம்பல், சிமென்ட், சுண்ணாம்பு, ஜிப்சம், கொஞ்சம் அலுமினியப் பொடி சேத்து பொங்க வச்சு, நீராவி அழுத்தத்துல வேக வச்சு எடுக்குறது. அதே அளவு செங்கல்லோட எடையில மூணுல ஒரு பங்குதான், வெப்பத்தடுப்புல மூணுலயும் இதுதான் முதல். பத்து மாடிக்கு இது நியாயம், எடை குறைஞ்சா கம்பியும் கான்கிரீட்டும் குறையும். ஆனா பில்லர் போட்டு கட்டுற வீட்டுல இடத்தை அடைக்கத்தான் பெரும்பாலும் இதைப் போடுறாங்க, ரெண்டு தளத் தனி வீட்டுக்கு இதுக்காகவே பில்லர் பீம் போட்டா கல்லு தயாரிப்புல மிச்சமான கார்பன் புகை எல்லாம் அந்தக் கம்பியிலயும் சிமென்ட்லயும் திரும்ப வந்துடும். கொத்தனாருங்க செங்கல் பழக்கத்துல இதையும் தண்ணில ஊற வைக்குறாங்க, அப்புறம் காயும்போது சுருங்கி பூச்சுல விரிசல் விடுது. ஆணி அடிச்சா நிக்காது, அதுக்குன்னே ஆங்கர் வாங்கணும்.

பலர் விட்டுடுற இடம் ஒண்ணு இருக்கு. கனமான சுவர் பகல் சூட்டை வாங்கி வச்சு ராத்திரி விடும். தர்மபுரி மாதிரி ராத்திரி குளிர்ற ஊர்ல அது வரம், மண் பிளாக் அங்க அருமையா வேலை செய்யும். சென்னையில ராத்திரியும் புழுக்கம்தான், சுவர் விடுற சூடு தூங்குற நேரத்துக்கு உள்ள வரும், அங்க எந்தக் கல்லு போட்டாலும் மேற்குச் சுவருக்கு நிழலும் எதிரெதிர் ஜன்னலும் இல்லாம பலன் இல்ல. நம்ம ஊர்ல சூரியன் தலைக்கு மேலயே நிக்குது, வெயில் அதிகம் வாங்குறது மொட்டை மாடிதான். சுவருக்கு மாசக்கணக்குல யோசிச்சிட்டு மேல வெறும் கான்கிரீட் தளம் போட்டு விடாதீங்க, வெள்ளைச் சுண்ணாம்போ தட்டோடோ போடுங்க, முடிஞ்சா தளத்தோட அடிப்பக்கம் கொஞ்சம் கான்கிரீட்டுக்குப் பதிலா ஓடு வச்சு ஃபில்லர் ஸ்லாப் போடுங்க.

என் முடிவு இதுதான்: மனையிலயே ஏத்த மண்ணு இருந்து, மழைக்காலத்துக்கு முன்னாடி க்யூரிங் முடிக்க நேரமும் இருந்தா மண் பிளாக். இல்லன்னா நல்ல சேம்பர் கல்லுல ராட் ட்ராப், பில்லர் இல்லாம சுமைதாங்கும் சுவராவே, அதையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பாத்து சொன்ன பிறகு. ஏஏசி ஏற்கனவே பில்லர் போட்ட வீட்டுல மாடி எடுக்குறவங்களுக்கு சரி. அப்புறம் மேஸ்திரி விஷயம், "அதெல்லாம் நிக்காது சார்"னு முதல்லயே சொல்வாரு, அவருக்குப் பழக்கம் இல்லாத வேலைன்னா கூலிக் கணக்கு இடிக்குமேன்னு அவருக்கும் பயம் இருக்கும். ஒப்பந்தம் போடுறதுக்கு முன்னாடி ஒரு மூலையும் ஒரு ஸ்விட்ச் பாக்ஸும் வர்ற மாதிரி இடுப்பு உயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டச் சொல்லி, அதுக்குத் தனியா கூலி குடுத்துடுங்க.