சாலையோர ஜன்னலும் சில ஆயிரம் ரூபாயும்: பீடிங், அக்ரிலிக் தகடு, திரைச்சீலை – ஒரு மதிப்புரை

சென்னை ஆற்காடு சாலையைப் பார்த்த ஒரு படுக்கையறையில், ஹவுஸ் ஓனரின் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல், வாகன இரைச்சலை எந்த அளவுக்குக் குறைக்க முடியும், அதற்காகக் கடைகளில் விற்கப்படும் பொருள்களில் எவை கொடுத்த காசுக்குத் தகும் என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். ஜன்னல் நான்குக்கு நான்கு அடி அளவிலானது. சென்னை அடுக்குமாடிகளில் பரவலாகக் காணப்படும் அலுமினிய ஸ்லைடிங் வகையைச் சேர்ந்தது. கண்ணாடிக்கு இரண்டும் கொசுவலைக்கு ஒன்றுமாக மூன்று டிராக் கொண்டது. மாநகரப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் போதாதென்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை செல்லும் மெட்ரோ வழித்தடத்தின் பணிகளும் இந்தச் சாலையில் சேர்ந்துகொண்டதால், பல ஆண்டுகளாக இங்கே குடியிருப்பவர்களுக்குச் சத்தம் ஒரு நிரந்தரக் குடித்தனக்காரராகவே ஆகிவிட்டது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பதே வரம்பு. வணிகப் பகுதிக்கு இது 65, 55 என்று உயர்கிறது. ஆற்காடு சாலையை எந்தக் கணக்கில் சேர்த்தாலும் பால்கனியில் நின்று பார்த்தால் அந்த எண்கள் காகிதத்தில்தான் இருக்கின்றன. மாலை நேர நெரிசலில் என் கைப்பேசியில் உள்ள ஒலி அளக்கும் செயலி பால்கனியில் 77க்கு அருகிலும், ஜன்னலை மூடிய பிறகு கட்டிலின் தலைமாட்டில் 56க்கு அருகிலும் காட்டியது. கைப்பேசியின் மைக் ஒலி அளவிடும் கருவிக்கு ஈடாகாது என்பதால் இந்த எண்களைத் தனித்தனியாக நம்பக் கூடாது. ஒரே கைப்பேசியை ஒரே இடத்தில் வைத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் நம்பலாம். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வாங்க வேண்டியது கண்ணாடியோ திரையோ அல்ல. இடுக்குகளை அடைக்கும் பொருள். சத்தம் காற்றின் வழியே வருகிறது. காற்று புகும் இடமெல்லாம் சத்தமும் புகும். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிப் பகுதி எவ்வளவு கனமாக இருந்தாலும் அந்தத் தடுப்பு 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. 4 மி.மீ. கண்ணாடி தனியாகவே 27, 28 டெசிபல் அளவுக்குத் தடுக்கும் திறன் கொண்டது. பதினாறு சதுர அடி ஜன்னலின் நான்கு பக்கங்களையும், இரண்டு கதவுகளும் நடுவில் சந்திக்கும் கோட்டையும் கூட்டினால் இருபது அடி வருகிறது. அந்த இருபது அடி நெடுகிலும் இரண்டு மி.மீ. இடைவெளி இருந்தாலே அது 120 சதுர செ.மீ.க்கு மேற்பட்ட ஓட்டைக்குச் சமம், அதாவது ஜன்னல் பரப்பின் நூற்றில் ஒரு பங்கை நெருங்கிவிடுகிறது. இந்த நிலையில் கண்ணாடியைத் தடிமனாக மாற்றச் சொல்பவரின் பேச்சைக் கேட்டால் பணம்தான் விரயம்.

ஸ்லைடிங் ஜன்னலின் ஓரங்களில் தூரிகை போன்ற ஒரு பட்டை ஓடும். ஃபேப்ரிகேட்டர்கள் அதை வுல் பைல் என்பார்கள். பத்து ஆண்டு ஆன கட்டடங்களில் அது தேய்ந்து, புழுதி படிந்து, வெறும் நூலாகத்தான் மிஞ்சியிருக்கும். கதவை மேலே தூக்கிக் கீழ்ப்பக்கத்தை உள்நோக்கி இழுத்தால் கழன்று வந்துவிடும். பழைய பட்டையைக் காடி எனப்படும் பள்ளத்திலிருந்து உருவி, அதில் ஒரு விரல் நீளத் துண்டைக் கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது, ஏனெனில் அடிப்பட்டையின் அகலமும் முடியின் உயரமும் பொருந்தவில்லையென்றால் கதவு நகராது அல்லது இடைவெளி அப்படியே இருக்கும். மீட்டர் கணக்கில் கிடைக்கும் இந்தப் பட்டைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கதவு வந்து மோதி நிற்கும் செங்குத்துச் சட்டத்தில் மட்டும், பின்புறம் பசை உள்ள, D எழுத்து வடிவ இபிடிஎம் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) பீடிங் பட்டையை ஒட்ட வேண்டும். நகரும் பக்கங்களில் இந்த ரப்பரை ஒட்டினால் கதவை இழுக்கும்போதெல்லாம் சுருண்டு உரிந்துவிடும்.

ரப்பர் பீடிங்கை வாங்க நான் பரிந்துரைப்பது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உள்ள கார் உதிரிப்பொருள் கடைகளையே. கார் கதவுக்கான பீடிங் வெயிலையும் மழையையும் தாங்குவதற்காகவே செய்யப்படுவது; கடைக்காரர்கள் பல அளவுகளை எடுத்துப் போட்டு, விரலால் அழுத்திப் பார்க்கவும் விடுகிறார்கள். அழுத்தினால் பாதியாக அமுங்கி, விட்டவுடன் பழைய உருவத்துக்கு வர வேண்டும். அப்படி வராத ரப்பரை வாங்க வேண்டாம். சாதாரண ஹார்டுவேர் கடைகளிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கும் சாம்பல் நிற ஸ்பாஞ்சு டேப் ஒரு கத்திரி வெயிலைத் தாண்டுவதில்லை. தொட்டால் பொடியாக உதிர்கிறது, அதன் பசை மட்டும் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வீடு காலி செய்யும்போது உரிமையாளரின் கண்ணில் படுகிறது.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கீழ் டிராக்கின் வெளிப்பக்கத்தில் சிறு ஓட்டைகள் இருக்கும். அவை மழைநீர் வடிவதற்கானவை. பீடிங் மாட்ட உதவிய அலுமினிய வேலைக்காரர் இடுக்குகளை அடைக்கும் சிலிக்கான் பசைத் துப்பாக்கியை என் கையில் கொடுக்கும் முன்பே, “சார், எதை வேணா அடைங்க, இந்த ஓட்டையை மட்டும் தொடாதீங்க. ஐப்பசி மழையில தண்ணி நேரா உங்க கட்டிலுக்குத்தான் வரும்” என்றார். வடகிழக்குப் பருவமழை காற்றோடு சேர்ந்து அடிக்கும் ஊரில் இது வெறும் பேச்சல்ல. அந்த ஓட்டைகளின் வழியே கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும். அதை அடுத்து நான் சொல்லப்போகும் உள்தடுப்பு பார்த்துக்கொள்ளும்.

அறுநூறு ரூபாய்க்குள் முடிந்த இந்த முதல் கட்டத்துக்குப் பிறகு தலைமாட்டு அளவு 51, 52க்கு இறங்கியது. எண்ணைவிடக் காதுக்குத் தெரிந்த மாற்றம் பெரிது: ஷேர் ஆட்டோவின் கீச்சொலியும், நடைபாதையில் பேசுபவர்களின் சொற்களும் மங்கிவிட்டன. புழுதியும் கண்கூடாகக் குறைந்தது. இந்த மதிப்புரையில் உள்ள எல்லாவற்றிலும் ரூபாய்க்கு அதிகப் பலன் தந்தது இதுதான்.

இரண்டாவது கட்டம் செலவும் உழைப்பும் கூடியது. சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக இருந்து, ஜன்னல் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தால், உள்பக்கத்தில் மூன்று, நான்கு அங்குல ஆழத்துக்கு ஒரு மாடம் கிடைக்கும். அந்த மாடத்துக்குள் மர ரீப்பர் சட்டத்தில் 4 மி.மீ. அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகட்டைப் பொருத்தி, சட்டத்தைச் சுற்றிலும் ரப்பர் பீடிங் ஒட்டி, அதன் இறுக்கத்திலேயே நிற்கும்படி அழுத்தி வைத்துவிடலாம். திருகும் இல்லை, துளையும் இல்லை. இரண்டு தடுப்புகளுக்கு நடுவே உள்ள காற்றிடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்பதால், விலை உயர்ந்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களில் உள்ள 12 மி.மீ. இடைவெளியைவிட, குடித்தனக்காரருக்குத் தற்செயலாகக் கிடைக்கும் இந்த மூன்று அங்குலம் சத்தத்தைத் தடுப்பதில் மேலானது. யுபிவிசி (பிளாஸ்டிக் சட்ட) ஜன்னல் விற்பனையாளர்கள் இதைச் சொல்வதில்லை; அவர்கள் கேட்கும் தொகை இதைப்போல் பல மடங்கு, அதோடு நாம் காலி செய்யும்போது அந்த ஜன்னல் உரிமையாளருக்கே சொந்தமாகிவிடும்.

அக்ரிலிக்கைத் தேர்ந்தெடுப்பது எடைக்காக. ஒரே தடிமனில் கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவாகவே அது இருக்கும். பதினாறு சதுர அடிக்கு 4 மி.மீ. தகடு ஏழு கிலோ சொச்சம்தான் வரும். எடை குறைந்தால் சத்தத்தைத் தடுக்கும் திறனும் குறையும் என்பது உண்மை. ஆனால் உடையாமல், தனி ஆளாகக் கழற்றி மாட்டக் கூடியதாக இருக்க வேண்டுமே. இரண்டு அடி அகலத்தில் இரண்டு பலகைகளாகச் செய்தால் ஜன்னலைத் திறக்க விரும்பும் நாளில் ஒன்றை மட்டும் எடுத்துவிடலாம். நேம் போர்டு செய்பவர்களுக்குப் பொருள் கொடுக்கும் கடைகளில் தகட்டை அளவுக்கு வெட்டித் தருகிறார்கள். சதுர அடிக்கு 150 ரூபாய்க்குச் சற்று மேலே ஆனது. சட்டத்துக்கும் ஆசாரி கூலிக்கும் சேர்த்து மொத்தம் நான்காயிரத்தைத் தாண்டியது. வெட்டச் சொல்லும்போது சட்டத்தின் காடி அளவைவிட மூன்று மி.மீ. குறைத்தே சொல்ல வேண்டும். அக்ரிலிக் வெப்பத்தில் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரியும். நான்கு அடித் தகடு 20 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஒன்றரை மி.மீ.க்கு மேல் நீளும் என்பதால், மே மாதத்து மேற்கு வெயிலில் இடமில்லாத தகடு வயிறு தள்ளி நிற்கும்.

சட்டத்துக்குப் பதிலாக மேக்னட் டேப்பால் தகட்டை ஒட்டும் முறையும் உண்டு. குளிர் நாடுகளில் அது பிரபலம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பதால் இரும்புப் பட்டை ஒன்றைத் தனியே ஒட்ட வேண்டும். அந்தப் பசையும் நம் ஊர் வெயிலும் ஒத்துப்போகவில்லை, டிஸ்டெம்பர் அடித்த சுவரிலோ அது நிற்கவே நிற்காது.

பலகைகள் மாட்டிய பின் தலைமாட்டு அளவு 44, 45க்கு வந்தது. ஆக, இரண்டு கட்டமும் சேர்ந்து 11 டெசிபலுக்கு மேல் குறைந்துள்ளது. ஹாரன் இன்னும் கேட்கிறது, ஆனால் தூக்கத்திலிருந்து எழுப்புவதில்லை. இதில் சரிப்படாதது கனமான அடிச்சுருதி: சிக்னலில் நிற்கும் பேருந்தின் இன்ஜின் உறுமல், கான்கிரீட் லாரி, விடியற்காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பும் தண்ணீர் லாரி ஆகியவை மெல்லிய தகட்டையும் சுவரையும் சேர்த்தே அதிர வைப்பவை. அவற்றுக்குக் கனமும் இடைவெளியும் இன்னும் அதிகம் வேண்டும். குடித்தனக்காரரின் பட்ஜெட்டில் அது நடக்காது. விற்பவர் யாராவது முழு அமைதி என்று சொன்னால் கடையைவிட்டு இறங்கிவிடலாம்.

இந்த ஏற்பாட்டோடு வாழ்வதில் சில தொல்லைகளும் உண்டு. ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. எனவே ஜன்னலை இப்படி அடைத்த அறையில் பின்பக்கத்துக் கதவையாவது சற்றுத் திறந்து வைக்க வேண்டும். ஏசி இல்லாத அறைக்கு இந்த இரண்டாம் கட்டம் ஏற்றதே அல்ல. சமையலறை ஜன்னலை, கேஸ் அடுப்பு இருக்கும் காரணத்தால், எந்த நிலையிலும் அடைக்கக் கூடாது. அக்ரிலிக் எரியக் கூடியது என்பதால் பூஜை விளக்கு ஏற்றும் மூலைக்கு அருகில் வேண்டாம். மழைக்காலத்தில் ஏசி ஓடும்போது தகட்டின் வெளிமுகத்தில் பனி படர்கிறது. பலகையைக் கழற்றித் துடைத்து, காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இடைவெளியில் போட்டால் ஓரளவு மட்டுப்படுகிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். சோப்புத் தண்ணீரும் மென்துணியும் போதும், அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் ஆகாது. வடிகால் ஓட்டை வழியாகப் பல்லிகள் உள்ளே புகுந்து கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே குடியேறுவதைத் தடுக்க வழி ஏதும் தெரியவில்லை.

திரைச்சீலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ‘சவுண்ட் ப்ரூஃப்’ என்று இணையத்தில் மும்மடங்கு விலைக்கு விற்கப்படும் திரை, அறைக்குள் எதிரொலியைக் குறைக்கிறது. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதில்லை. செயலியில் ஒரு டெசிபல் வேறுபாடுகூட நிலையாகத் தெரியவில்லை. வெயிலுக்காகக் கனத்த திரை வேண்டுமென்றால் கோடவுன் தெருவில் துணி எடுத்துத் தைத்துக்கொள்வதே லாபம். முட்டை அட்டை வடிவில் வரும் கருப்பு நுரைப் பலகைகள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் எதிரொலியை அடக்குவதற்கானவை. அவற்றை ஜன்னலில் ஒட்டச் சொல்லும் விளம்பரம் ஏமாற்று வேலை.

வாங்கும் வரிசையைப் பொறுத்தவரை, முதலில் வுல் பைலும் பீடிங்கும் மாட்டி ஒரு வாரமாவது தூங்கிப் பார்த்துவிட்டு, போதவில்லையென்றால் மட்டும் அக்ரிலிக்குக்குப் போகச் சொல்வேன். விண்டோ ஏசி பொருத்திய ஜன்னல் என்றால் அந்த இரண்டாவது செலவு வேண்டாம், அந்தப் பெட்டியின் வழியே எல்லாம் உள்ளே வந்துவிடும். அடுத்துக் குடிபோகும் வீட்டின் ஜன்னல் சிறியதாக இருந்தால் தகட்டை வெட்டிப் பயன்படுத்தலாம். பெரியதாக இருந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். எனவே ஓராண்டுக்குள் வீடு மாறும் எண்ணம் உள்ளவர்கள் பீடிங்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.