மடிப்பாக்கத்தில் பாட்டு வகுப்பு நடத்த எந்த இன்டர்நெட்?

நான் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். வாரத்தில் ஐந்து நாள், காலை 5.30க்கு முதல் வகுப்பு. அந்த நேரம் நியூஜெர்சி எடிசனில் முந்தைய நாள் இரவு 8 மணி, குளிர்காலமானால் 7. ஹோம்வொர்க்கை முடித்துவிட்டுப் பிள்ளைகள் ஸ்ருதிப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு சிங்கப்பூரிலிருந்து அக்கா, தம்பி இரண்டு பேர். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் தொடங்கியது, இப்போது வீட்டு வருமானத்தில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. இணைப்பு நின்றால் எனக்குக் கடை மூடியது மாதிரி. ஒரு பிள்ளை ஜண்டை வரிசையில் பாதியில் அப்படியே உறைந்து நிற்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும்.

இதுவரை நான்கு இணைப்புகள் மாற்றிவிட்டேன். என்னைப்போல் வீட்டிலிருந்து சொல்லிக்கொடுக்கிற பலர் "எதை எடுக்கலாம் அக்கா?" என்று கேட்பதால் எழுதுகிறேன். எனக்குச் சிரமம் கொடுத்த கம்பெனிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் தெருவில் படுத்துவிட்ட அதே கம்பெனி, என் நாத்தனார் இருக்கும் புழுதிவாக்கத்தில் பிரமாதமாக ஓடுகிறது. பெயரைச் சொன்னால் உங்களைத் தவறாகத் திருப்பிவிடுவேன்.

முதலில் விலை. 2024 தொடக்கத்தில் உட்கார்ந்து ஒப்பிட்டபோது குறித்துவைத்த நோட்டு இன்னும் இருக்கிறது. ஜியோஃபைபரில் 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் (இன்டர்நெட் வேகத்தின் அளவு), 699க்கு 100. ஏர்டெல்லில் 499க்கு 40, 799க்கு 100, 999க்கு 200. பிஎஸ்என்எல் ஃபைபரில் 449க்கு 30, 599க்கு 60. ஆக்ட், ஹாத்வே, அப்புறம் தெருவுக்குத் தெரு இருக்கும் கேபிள்காரர்கள் தனி. இந்த விலை எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. 499 என்று போட்டிருப்பது பில்லில் 589 ஆகும், 799 என்பது 943 ஆகும். வரியைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் கேபிள்காரர் சொல்கிற விலை பெரும்பாலும் எல்லாம் சேர்ந்ததாக இருக்கும். அன்லிமிடெட் என்று சொல்லும் பெரிய கம்பெனித் திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி என்று ஒரு வரம்பு உண்டு. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. தினமும் நாலு மணி நேரம் வகுப்பு எடுத்தாலும் எனக்கு 150 ஜிபிதான் ஆகிறது. மிச்சத்தை என் மகன் எவ்வளவு முயன்றாலும் முடிக்க முடியாது.

இந்த எம்பிபிஎஸ் கணக்கில்தான் நான் முதல் இரண்டு வருடம் பணத்தை விட்டேன். வகுப்பில் குரல் உடைகிறது என்றால் உடனே பெரிய திட்டத்துக்கு மாறுவேன். 40இலிருந்து 100, 100இலிருந்து 200. குரல் உடைவது நிற்கவே இல்லை. ஒருவரோடு ஒருவர் பேசும் ஜூம் அழைப்புக்கு, படம் தெளிவாக இருந்தாலும், 1.2 எம்பிபிஎஸ் போதும் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். மிக உயர்ந்த தரத்துக்கே 4 போதும். அரசுக் கணக்கில் 2 எம்பிபிஎஸ் இருந்தால் அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர், 2023 ஜனவரியிலிருந்து அப்படி. அதற்கு முன் 512 கேபிபிஎஸ், அதாவது சுமார் அரை எம்பிபிஎஸ்தான். ஆக 40 எம்பிபிஎஸ் என் வகுப்புக்குத் தாராளம். கோளாறு வேறு எங்கோ இருந்தது.

ஒன்று, அப்லோடு. என் குரல் இங்கிருந்து போக வேண்டும். எல்லோரும் டவுன்லோடு வேகத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். என் முதல் இணைப்பு பழைய டிவி கேபிள் வழியாக வந்தது. கீழே இறங்குவது 100, மேலே ஏறுவது 6 அல்லது 7. என் மகனின் போன் புகைப்படங்களை கூகுளுக்கு ஏற்ற ஆரம்பித்தால் அந்த ஆறும் போய்விடும், என் குரல் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். அந்தப் பக்கம் குழந்தைக்கு ஸ்வரம் துண்டு துண்டாகக் கேட்கும். கண்ணாடி இழை வழியாக வரும் ஃபைபருக்கு மாறியதும் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் போனது, ஏனென்றால் ஃபைபரில் ஏறுவதும் இறங்குவதும் ஏறக்குறைய ஒரே அளவு. திட்டம் எடுக்குமுன் "அப்லோடு எவ்வளவு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் எடுக்காதீர்கள்.

இரண்டு, தாமதம். அதாவது, குரல் அந்தப் பக்கம் போய்த் திரும்பிவர ஆகும் நேரம். ஒளி கண்ணாடி இழைக்குள் நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் நேராகப் போகிறது, சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிநொடி ஆக வேண்டும், எனக்கு 35, 36 காட்டுகிறது. அந்த இரண்டு பிள்ளைகளோடு நான் தாளம் போட்டால் ஓரளவு ஒட்டிவரும். நியூஜெர்சிக்கு எனக்கு 230 முதல் 270 வரை. இதை எந்தத் திட்டமும் குறைக்காது, ஆயிரம் எம்பிபிஎஸ் எடுத்தாலும் பூமி சுருங்காது. அதனால் அமெரிக்கப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடுவதை விட்டுவிட்டேன். நான் ஒரு வரி, அவர்கள் ஒரு வரி. தாளம் அவர்கள் கையில்தான், நான் மைக்கை மூடிவிட்டுக் கேட்பேன்.

ஸ்பீட் டெஸ்ட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதை அழுத்தினால் பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், பல நேரம் அது உங்கள் கம்பெனியின் சொந்த சர்வராகவே இருக்கும். அங்கே எண் அழகாகத்தான் வரும். சர்வரை மாற்றி நியூயார்க்கை வைத்து, காலை 5.30க்கு ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை பாருங்கள். எல்லோரும் படம் பார்க்கிற இரவு 9 மணிக்கு எண் பாதியாக விழுந்தால், உங்கள் பகுதியில் கூட்டம் அதிகம். ஃபைபரில் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஓர் இழையை 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரித்துத்தான் தருகிறார்கள்.

மூன்று, வைஃபை. மோடம் ஹாலில், நான் பாடுவது பின்னறையில், நடுவில் இரண்டு சுவர். பக்கத்து ஃபிளாட்டுகளின் வைஃபை பதினேழு என் போனில் தெரியும். 12 மீட்டர் லேன் கேபிள் வாங்கி, கதவு ஓரமாக இழுத்து லேப்டாப்பில் சொருகினேன். செலவு முந்நூறு ரூபாய்க்குள். மாதா மாதம் இருநூறு ரூபாய் கூடுதலாகக் கட்டியபோது சரியாகாதது அன்றே சரியானது. இதை யாராவது 2020இலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்னொன்று: வீட்டில் ஏற்கெனவே பழைய லேன் கேபிள் இருந்து, அதில் நான்கு கம்பி மட்டும் இணைத்திருந்தால் 100க்கு மேல் போகாது. 200 திட்டம் எடுத்தும் 94, 95 என்றே காட்டுகிறது என்று தோழி ஒருத்தி புலம்பியதற்குக் காரணம் இதுதான்.

(ஜூமில் வகுப்பு எடுக்கிற எல்லோரும் செட்டிங்ஸில் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது தம்புராவை ஃபேன் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தின் அசைவில் பாதி காணாமல் போகும்.)

சரி, இதெல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு மொத்தமாக நின்றால்? இங்கேதான் கம்பெனிக்குக் கம்பெனி உண்மையான வித்தியாசம் தெரிகிறது.

என் இரண்டாவது இணைப்பை ஒரு உள்ளூர்க் கம்பெனி கொடுத்தது. அடுக்ககத்தின் மாடிப்படிக்கடியில் ஒரு பெட்டி, அதில் இணைப்பைப் பிரித்துக்கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் லேன் வயர். நான் மோடத்துக்கு மினி யூபிஎஸ் (கரண்ட் போனால் ஓடவைக்கும் சின்ன பேட்டரி) வாங்கி வைத்திருந்தேன், ஆனாலும் கரண்ட் போனால் இன்டர்நெட்டும் போகும். மாதக்கணக்கில் புரியவில்லை. பிறகுதான் பெட்டியைத் திறந்து பார்த்தேன், அந்த ஸ்விட்சுக்கும் கரண்ட் வேண்டும், அதற்கு பேட்டரி இல்லை. வீடுவரை இழை வருகிற ஃபைபரில் நடுவில் இருக்கும் பிரிப்பான் பெட்டிக்குக் கரண்டே தேவையில்லை. வெறும் கண்ணாடிதான். உங்கள் மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் மட்டும் மின்சாரம் இருந்தால் ஓடும். மே மாதத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போகாத வாரம் கிடையாது. அதனால் "இழை என் வீட்டுக்குள்ளேயே வருமா, மாடிப்படியோடு நின்றுவிடுமா?" என்று கேட்டுத்தான் இப்போது எடுப்பேன்.

மூன்றாவது இணைப்பு, ஒரு பெரிய கம்பெனி. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர். மூன்று நாள் கழித்துக் கரண்ட் வந்தது, இணைப்பு வர ஒன்பது நாள். கஸ்டமர் கேரில் தினமும் "24 மணி நேரத்தில் சரியாகும்" என்றார்கள். பத்து வகுப்புக்கு மேல் போனது. நாலைந்து தெரு தள்ளி, வேறொரு கம்பெனிக்காக வேலை செய்யும் தம்பி ஒருவர் மூன்றாவது நாளே இடுப்பளவு ஈர லுங்கியோடு கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவரை நிறுத்தி நம்பர் வாங்கினேன்.

அந்தப் பெரிய கம்பெனி லைன் வந்த பிறகும் அடிக்கடி விட்டு விட்டுப் போனது. நான்கு புகார், நான்கு முறையும் "இங்கிருந்து பார்த்தால் நன்றாக இருக்கிறது மேடம்". ஐந்தாவது முறை நேரில் வந்த பையன் ஒரு சின்ன மீட்டரை இழையில் சொருகினான். "அக்கா, பவர் மைனஸ் 29 வருது. 27 தாண்டினாலே மோடம் தடுமாறும். ஜாயின்ட்ல தண்ணி போயிருக்கு." இழையில் வரும் ஒளியின் அளவு அது, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. இருபது நிமிடத்தில் ஒட்டு மாற்றிக் கொடுத்தான், மைனஸ் 21 வந்தது. அன்றிலிருந்து புகார் கொடுக்கும்போதே "ஆப்டிகல் பவர் பாருங்கள்" என்று சொல்வேன். மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இழையில் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். அப்போது மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள், அதனால் பயனில்லை, ஆள்தான் வர வேண்டும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தீராவிட்டால் ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார், அவருக்கு எழுத அந்த எண் வேண்டும்.

பயத்தில் ஒரு ஆறு மாதம் இரண்டு கம்பெனி வைத்திருந்தேன். மெட்ரோவின் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடத்துக்காக மேடவாக்கம் மெயின் ரோட்டில் வேலை நடக்கிறது, எங்கள் உள்தெருக்களில் மழைநீர் வடிகால் வேலை வேறு. ஒரு காலையில் ஜேசிபி ஒரு கம்பத்தைச் சாய்த்தது. இரண்டு கம்பெனியின் கேபிளும் அதே கம்பத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே நொடியில் போயின. இரண்டுக்கும் மாதம் 1,500 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது இணைப்பு வேண்டுமென்றால் அது வேறு வழியில் வர வேண்டும். மொட்டைமாடியில் பெட்டி வைத்து 5ஜி வழியாகத் தரும் ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரிலிருந்து சென்னையில் கிடைக்கிறது, கேபிள் இழுக்க முடியாத வீடுகளுக்கு நல்ல வழி. எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. வேறு கம்பெனி சிம் போட்ட போனின் ஹாட்ஸ்பாட் ஒரு வகுப்பைக் காப்பாற்றப் போதுமானது.

இப்போது வீட்டில் இருப்பது ஏர்டெல்லின் 799 திட்டம். என் வகுப்புக்கு 499 போதும், இன்ஜினியரிங் படிக்கும் மகனுக்காக 100 எம்பிபிஎஸ். ஏன் அது என்றால், கம்பத்தில் ஏறிய அந்தத் தம்பி பார்க்கிற லைன் அது, அவர் வீடு எங்களிடமிருந்து எட்டு நிமிடம். ஜியோவைப் பார்க்கிற ஆள் உங்கள் தெருவில் அப்படி இருந்தால் நூறு ரூபாய் மிச்சம், அதையே எடுங்கள். பிஎஸ்என்எல் ஃபைபரைப் பல இடங்களில் உள்ளூர்க் கேபிள்காரர்கள்தான் பங்காளிகளாக இருந்து தருகிறார்கள், ஆகவே அங்கேயும் கேட்க வேண்டியது அந்தக் கேபிள்காரர் எப்படிப்பட்டவர் என்பதைத்தான். கடைக்காரரிடமும் விளம்பரத்திடமும் கேட்காமல், தெருமுனை இஸ்திரி கடையில், மருந்துக்கடையில், "மிக்ஜாமில் உங்களுக்கு எத்தனை நாள் போனது?" என்று கேளுங்கள். எண்ணிக்கை அவர்களுக்கு மறக்காது. ஆறு மாதம், ஒரு வருடம் சேர்த்துக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதா மாதம் கட்டிப் பார்த்த பிறகு அந்தச் சலுகைக்குப் போங்கள்.

போன வாரம் நங்கநல்லூரில் வகுப்பு தொடங்கும் தோழிக்குப் போய்ப் பார்த்துக் கொடுத்தேன். 499 திட்டம், ஒரு லேன் கேபிள், 12 வோல்ட் மினி யூபிஎஸ். கேபிள் இழுக்க வந்த பையனுக்குக் காபி கொடுத்து, மீட்டரில் என்ன காட்டுகிறது என்று கேட்டோம். மைனஸ் 19. அதை மோடத்தின் மேலேயே மார்க்கரில் எழுதி, கீழே அவன் நம்பரையும் எழுதிவைத்தாள்.