பேட்டரி புல்வெட்டி: ஒன்றரை வருடமும் ஒரு நைலான் நரம்பும்

பழநி பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான். "நீ வாங்கின பேட்டரி புல்வெட்டி எப்படிடா இருக்கு? இங்க விலை குறைச்சிருக்கான், வாங்கிரட்டுமா?" என் மிஷின் சர்வீஸ் கடையிலிருந்து இரண்டாவது முறையாகத் திரும்பி வந்து அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது. போனில் பாதி சொன்னேன், மீதி கோபமாக வந்தது. எழுதியே அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அவனைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்களும் படிக்கட்டும்.

எங்கள் தோட்டம் உடுமலைக்குப் பக்கத்தில். அரை ஏக்கர் தென்னை, மரத்துக்கு மரம் 25 அடி, மொத்தம் 35 மரம். தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்த இடைவெளியில் வெயில் நன்றாக இறங்கும். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்தால் கினியாப் புல்லும் கோரையும் முழங்கால் உயரம். கார்த்திகை முடிவதற்குள் இடுப்பு உயரம். ஊடே நாயுருவி, துத்தி, வரப்போரம் பார்த்தீனியம். என்னுடையது 18 வோல்ட், 4 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு, பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார், 2 மில்லிமீட்டர் நைலான் நரம்பு. கம்பெனி பெயர் வேண்டாம். வேறு பிராண்ட் வைத்திருப்பவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இது வந்த பிறகு தோட்டத்தில் புல் வெட்டுவது அம்மாதான். முன்பு இருந்தது பெட்ரோல் மிஷின். லிட்டருக்கு 40 மில்லி ஆயில் அளந்து கலக்க வேண்டும், கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். நான் ஊரில் இல்லாவிட்டால் அது மோட்டார் ரூமிலேயே கிடக்கும். இதில் பட்டனை அழுத்தினால் ஓடுகிறது. காலையில் ஆறரைக்கு அம்மா ஒரு பேட்டரியை மாட்டிக்கொண்டு போய் ஐந்தாறு மரத்து வட்டப்பாத்தியைச் சுத்தம் செய்துவிட்டு, டீ போட வந்துவிடுகிறார். நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. பெட்ரோல் மிஷின் சத்தத்துக்குத் தோப்பை விட்டே பறந்துவிடும் உண்ணிக்கொக்குகள் இப்போது அம்மாவுக்குப் பத்தடி பின்னாலேயே நடந்து வருகின்றன. வெட்டின இடத்திலிருந்து துள்ளும் வெட்டுக்கிளியைக் கொத்திக்கொண்டு, மிஷின் நின்றால் தாங்களும் நின்று, கழுத்தை நீட்டிப் பார்க்கும். அந்தக் காட்சிக்காகவே சில நாள் சீக்கிரம் எழுந்து போயிருக்கிறேன்.

சரி, இனி நரம்பு.

இந்த மிஷினில் மோட்டார், பேட்டரி எல்லாம் சும்மா துணைக்கு. புல்லை வெட்டுவது மிஷினின் அடியில் சுழலும் தலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நைலான் நரம்பின் நுனி. நுனி சுழலும் வேகத்தில் பச்சைப் புல் அறுந்து விழும். அருகம்புல்லுக்கும் கோரைக்கும் இது அருமை. ஆனால் பூத்து முடிந்த நாயுருவியின் தண்டும் துத்தியின் அடித்தண்டும் கட்டை போல ஆகிவிடும். அதில் பட்டால் நரம்பு தேயும், இல்லையென்றால் தலையில் நரம்பு வெளிவரும் துளைக்கு அருகிலேயே அறுந்து உள்ளே போய்விடும். தேய்ந்த நரம்பு என்றால் தலையைத் தரையில் தட்டினால் புது நரம்பு வெளியே வரும், உள்ளே போய்விட்டால் எத்தனை முறை தட்டினாலும் வராது. மிஷினை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, மூடியைத் திறந்து, நரம்பைத் தேடி எடுத்துத் துளையில் கோத்து மூட வேண்டும். ஒரு பேட்டரி ஓடி முடிவதற்குள் இதை நான்கு தடவை செய்திருக்கிறேன்.

அதைவிட மோசம், நரம்பு உள்ளேயே ஒட்டிக்கொள்வது. கட்டைத் தண்டில் அடிக்கும்போது, நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலுக்குள் சுற்றுக்குச் சுற்று உரசிச் சூடாகும். திறந்து பார்த்தால் இரண்டு சுற்று ஒன்றோடொன்று உருகிப் பிடித்திருக்கும். நகத்தால் பிரித்தால் 'டிக்' என்று விடும், பிரிந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு. அடுத்த பத்து நிமிடத்தில் அந்தத் தழும்பில்தான் அறும். வியர்வை கண்ணில் வழிய, கையெல்லாம் பச்சைச் சாறாக, தோப்பு நடுவில் குந்தி உட்கார்ந்து இதைப் பிரித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் பொறுமை போகும்.

இதற்கு நான் கண்ட வழி இரண்டு. நைலான் ஈரத்தை உறிஞ்சும். கடையில் வெயிலில் தொங்கிக் காய்ந்த நரம்பு மொறுமொறுவென்று ஒடியும். வாங்கியதும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டால் இழுவை வந்துவிடும். ஊறிய நரம்பு எனக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தாங்குகிறது. அப்புறம், ஸ்பூலில் அம்பு காட்டும் திசையில், ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே ஏறாமல், இறுக்கமாகச் சுற்ற வேண்டும். நிறைய வருமே என்று விளிம்பு வரை திணித்தால் ஒட்டுவது நிச்சயம். தடித்த நரம்பு போட்டுப் பார்க்கலாமே என்று 2.7 மில்லிமீட்டர் போட்டேன். மோட்டார் திணறியது, பேட்டரி சுட்டது, சுட்ட பேட்டரியை ஆறும் வரை சார்ஜர் ஏற்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் நரம்புக்குப் பதில் சைக்கிள் பிரேக் கம்பியைப் போட்டு ஓட்டுகிறார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அறுந்த கம்பித் துண்டு குண்டு மாதிரி பாயும், காலில் ஏறினால் ஆபரேஷன்தான்.

சர்வீஸுக்குப் போன கதையும் கட்டைக் களையால் வந்ததுதான். இடுப்பு உயரக் கினியாப் புல்லை அடியோடு வெட்டப் போனால் நீளத் தாள் எல்லாம் மிஷின் தலைக்கு மேலே அதன் தண்டில் கயிறு போலச் சுற்றிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் ஓட்டியதில் பேரிங் போனது. முதல் தடவை கடையில் மரை தலைகீழ் என்று தெரியாமல் வழக்கமான பக்கம் திருகி உடைத்து வைத்தார்கள். அதனால்தான் இரண்டாவது தடவை போக வேண்டியதாயிற்று. பல மிஷினில் இந்தத் தலைக்கு இடது மரைதான், கழற்றும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது உயரப் புல் என்றால் மேலிருந்து ஒரு அடி ஒரு அடியாக இறக்குகிறேன். துத்தியைக் கருக்கரிவாளால் முதலிலேயே அறுத்துப் போட்டுவிடுகிறேன். அப்படிச் செய்தால் ஒரு பேட்டரிக்கு 15 நிமிடம் வருகிறது. சின்னப் புல்லில் 25 நிமிடம்.

பார்த்தீனியத்தை இதில் வெட்டவே கூடாது. சாறும் பூந்தூளும் தெறித்துக் கை கழுத்தெல்லாம் தடித்து அம்மா ஒரு வாரம் அரிப்பில் கிடந்தார். பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டுப் பிடுங்குவதுதான் சரி. சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் 16 மில்லிமீட்டர் பைப்பை முதலில் மரத்தடிக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். புல்லுக்குள் கிடக்கும் கறுப்பு பைப் கண்ணுக்கே தெரியாது, நான் மூன்று இடத்தில் அறுத்து ஜாயின்ட் போட்டிருக்கிறேன். இளங்கன்றின் அடியில் நரம்பு பட்டாலும் பட்டை உரிந்து கன்று போய்விடும். அந்த ஒரு சாண் இடத்துக்குக் கைதான்.

நண்பா, நீ அனுப்பிய மிஷின் படத்தில் '88 வோல்ட்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அதை நம்பாதே. 3.6 வோல்ட் செல் ஐந்தை வரிசையாகச் சேர்த்தால் 18, முழு சார்ஜில் 21. சின்ன பேட்டரிக்கு மேலே 48, 88 என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பது சகஜம். '20 வோல்ட் மேக்ஸ்' என்பதும் இதே 18தான். பேட்டரியில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று தெரிய வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கிப் பார். என்னுடையது 72 வாட் அவர். அதற்கே 15 நிமிடம்தான் என்றால் கணக்கு உனக்கே தெரியும். நிஜமான 36 வோல்ட் மிஷின், நரம்புக்குப் பதில் பிளேடு மாட்டலாம் என்று கம்பெனியே சொல்லும் மாடல், இருந்தால் யோசி. மகிட்டா கம்பெனியில் 18 வோல்ட் பேட்டரி இரண்டை மாட்டி 36 ஆக்கும் மாடல்கள் உண்டு. பிளேடுக்கு என்று செய்யாத மிஷினில் பிளேடை மாட்டிவிடாதே.

உனக்கு மூன்று ஏக்கர், அதில் பாதி கட்டைத் தண்டுள்ள உண்ணிச்செடி. வாங்காதே. நேற்று கூட நாற்பது நிமிட வேலையில் இருபது நிமிடம் மூடியைத் திறந்து மூடினேன், அந்த எரிச்சலோடுதான் சொல்கிறேன், ஆனாலும் வாங்காதே. பெட்ரோல் மிஷினை ஆளோடு வாடகைக்குக் கூப்பிட்டு ஒரு தடவை முழுக்க அடித்துவிடு. அதற்குப் பிறகு வளரும் இளம்புல்லுக்கு வேண்டுமானால் பார்க்கலாம். எங்கள் வீட்டில் இது பழுதானால் இதையேதான் மறுபடியும் வாங்குவேன், அம்மாவுக்கு வேறு எதுவும் ஒத்துவராது. நம்பிக்கை இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து உன் கையால் ஓட்டிப் பார். சனிக்கிழமை காலையிலேயே நரம்பை ஊறப்போட்டு வைக்கிறேன்.