தரங்கம்பாடி காலை நடை: ஊர்ப்பெயர் மேல் ஆசை உள்ளவர்கள் கட்டாயம் போகலாம்

கும்பகோணத்தில் பெயர்ப்பலகை எழுதுவது என் தொழில். எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் எழுத்தைத்தான் தேடும். தரங்கம்பாடியில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட்டிப்போகும் காலை நடையை அதனாலேயே மனசார சிபாரிசு செய்கிறேன்.

டேனிஷ்காரர்கள் 1792-ல் கட்டிய வாயிலில் ஆரம்பித்து கிங் ஸ்ட்ரீட் வழியாகக் கோட்டைக்குப் போகிறோம். 'பாடும் அலைகளின் ஊர்' என்று சுற்றுலாப் பலகைகளில் எழுதுகிறார்களே, அதைப் பற்றிக் கேட்டேன். "தரங்கம்னா அலை, சரி. ஆனா பாடிங்கிறது பாட்டு இல்ல சார், குடியிருப்பு. வாணியம்பாடி, காட்பாடி மாதிரிதான்" என்று பளிச்சென்று சொன்னார். கேட்பவருக்குப் பிடிக்குமே என்று கதை அளக்காத வழிகாட்டி கிடைப்பது பெரிய விஷயம்.

கையோடு ஒரு கோப்பு வைத்திருக்கிறார். தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620-ல் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதத்தின் படம் அதில் இருக்கிறது. மூலம் கோபன்ஹேகனில். அதைவிட, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கேயே அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் நகல்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. 1714-ல் அச்சான அந்தத் தாளில் ஊர்ப்பெயர் லத்தீன் வேடத்தில், 'திராங்குவெபாரியே' என்று இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வித்தியாசமே கிடையாது. வீரமாமுனிவரின் திருத்தம் வருவதற்கு முந்தைய எழுத்து. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். அவரும் அவசரப்படுத்தாமல் நின்றார். டேனிஷ்காரர் வாயில் ட்ராங்கெபார் ஆன ஊர், 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்ற பிறகும் ஆங்கிலத்தில் ட்ராங்குபாராகவே இருந்தது.

குறை ஒன்று உண்டு. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலைக் கடைசியில் வைத்து, வெயில் ஏறிவிட்டது என்று பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். இந்தப் பெயர்க் கதையின் வேரே அங்கேதான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்கிறது, குலசேகரபட்டினம் என்றும் சொல்கிறது. டேனிஷ் கப்பல் வருவதற்கு முந்நூறு வருஷம் முந்தைய பெயர்! முன்பகுதியைக் கடல் விழுங்கிய கோயில் அது. இருப்பதையாவது நிதானமாகக் காட்ட வேண்டாமா?

போகிறவர்கள் கோயிலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள், கேட்டால் மாற்றிக்கொள்வார். மயிலாடுதுறையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். குடையும் தண்ணீரும் அவசியம்.