கோடியக்கரை சரணாலயம்: பூநாரை பாக்கணும்னா காலைலயே போயிடுங்க
டிசம்பர்ல நாலு ஃப்ரெண்ட்ஸ் சேந்து போனோம், வேதாரண்யத்துல ராத்திரி தங்கிட்டு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம், அதான் சரியான முடிவு. சதுப்புல பூநாரைங்க அலக தலைகீழா கவுத்து சேத்துத் தண்ணிய வடிகட்டித் தின்னுட்டே நடக்குது, திடீர்னு எல்லாம் ஒண்ணா எழும்பிச்சு பாருங்க, ரோஸ் றெக்கை கறுப்பு ஓரத்தோட விரியுது, யாருக்கும் பேச்சே வரல! கரண்டிவாயன் பறவையும் பாத்தோம், வெளிமான் கூட்டம் தனி அழகு. 2002லயே ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, வந்த இடம்ங்க இது. எங்கள கூட்டிட்டுப்போன ஜீப்காரர் மட்டும் அவசரப்படுத்திட்டே இருந்தாரு, நேரத்த முன்னாடியே பேசிக்கோங்க. பைனாகுலர், தண்ணி, தொப்பி கட்டாயம். அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார், ஜனவரில மறுபடியும் போறோம்.