குறை சொல்ல முடியாத ஸ்பேசரை ஏன் கழற்றினேன்

முன்பக்க இடது வீல் பேரிங் போய், புதிது போட்டு, வண்டி கைக்கு வந்து பத்து நாள் ஆகிறது. அதே சமயம் நண்பர் ஒருவர் போன் செய்து, "நானும் பெரிய டயர் போடப் போறேன், உன் வண்டியில இருக்கிற அதே ஸ்பேசரை வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். ஆமாம், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்பேசர் என்பது சக்கரத்துக்கும் அது மாட்டும் ஹப்புக்கும் நடுவில் வைத்து, சக்கரத்தை வெளியே தள்ளும் தடித்த உலோகத் தட்டு. நான்கு வருடம் அந்த ஸ்பேசரோடு ஓட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் டயர். ஸ்பேசர் தேவைப்பட்டதே டயரால்தான். கம்பெனி கொடுத்தது 245/75 ஆர்16. நான் போட்டது 265/75 ஆர்16 ஆல் டெரைன், அதாவது தார் ரோட்டுக்கும் கரடுமுரடான தடத்துக்கும் பொதுவான டயர். விட்டம் 774 மி.மீ.யில் இருந்து 804 ஆனது. ஆனால் இந்த 30 மி.மீ.யும் தரை இடைவெளியாகக் கிடைக்காது. பாதிதான், அதாவது 15 மி.மீ.தான் ஆக்சில் மேலே ஏறும். முன்பு சரியாகக் காட்டிய ஸ்பீடோமீட்டர் இப்போது 100 காட்டினால் வண்டி 104ஐ ஒட்டிப் போய்க்கொண்டிருக்கும். எரிபொருளும் கொஞ்சம் கூடவே குடிக்கும்.

மட் டெரைன் வாங்கச் சொன்னவர்கள் நிறைய பேர். என் ஓட்டத்தில் பத்துக்கு எட்டு பங்கு தார் ரோடு என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். சேற்றுக்கென்றே செய்த அந்த மட் டெரைன் டயரின் பெரிய ரப்பர் கட்டைகளில் மெல்லிய கீறல்கள் குறைவு. மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது அந்தக் குறை தெரியும். இரைச்சல் வேறு. ஆல் டெரைன் என்னைக் கைவிட்டது களிமண்ணில் மட்டும்தான். ரப்பர் கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் மண் அப்பிக்கொண்டு டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும்.

நான்கு வருடத்தில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டயர் காற்றை வேகமாக இறக்கும் சின்ன வால்வுக் கருவி, திரும்ப ஏற்ற ஒரு ஏர் கம்ப்ரசர், நம்பகமான ஒரு அழுத்தமானி. இந்த மூன்றும் என் வண்டியை மாற்றிய அளவுக்கு வேறு எதுவும் மாற்றவில்லை. ஒருமுறை மணலில் 34 பிஎஸ்ஐயோடு இறங்கி ஆக்சில் வரை புதைந்தேன். நான்கு சக்கரத்திலும் 16க்கு இறக்கினேன். மண்டியிட்டுப் பார்த்தால் டயரின் பக்கச்சுவர் லேசாகப் பிதுங்கி, தரையோடு ஒட்டும் பகுதி முன்னும் பின்னுமாக நீண்டிருந்தது. சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கொஞ்சம் வாரிவிட்டு, ஆக்சிலேட்டரை மெதுவாகத்தான் மிதித்தேன். அதே வண்டி, அதே இடம், தானாக ஏறி வந்துவிட்டது. அந்த நிமிடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இன்னும் கீழே இறக்கி வளைத்துத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை ஏற்றிவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் சூடேறி டயரே போய்விடும்.

சரி, ஸ்பேசருக்கு வருகிறேன். புது டயர் 20 மி.மீ. அகலம் கூட, அதில் 10 மி.மீ. உள்பக்கம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயரின் உள் ஓரம், வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியில் 'கர்ர்' என்று தேய்த்தது. அதற்காக 30 மி.மீ. ஸ்பேசர் போட்டேன். ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) மேல் சும்மா செருகுகிற தட்டு அல்ல. தனக்கென்று ஸ்டட் வைத்து, ஹப்பில் தனியாக நட் போட்டு முறுக்குகிற வகை. நடுத்துளை ஹப்பில் கச்சிதமாக உட்காரும். செருகும் தட்டு வாங்க நினைப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: தட்டைப் போட்டபின் நட்டைக் கையால் சுற்றி, எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். 12 மி.மீ. ஸ்டட், 1.5 மி.மீ. புரி என்றால் எட்டு சுற்றாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

என் ஸ்பேசர் சொன்ன வேலையைச் செய்தது. தேய்ப்பு நின்றது. இரண்டு பக்கமும் சேர்ந்து சக்கர இடைவெளி 60 மி.மீ. கூடியதால் சரிவில் குறுக்காகப் போகும்போது வண்டி ஒரு நிதானத்தோடு நின்றது. அதிர்வு இல்லை, ஒரு ஸ்டட் கூட உடையவில்லை.

ஆனால் அந்த உள் நட்டுகள்! ஒரு சக்கரத்துக்கு ஆறு, மொத்தம் இருபத்து நான்கு நட்டுகள் ரிம்முக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். வெளி நட்டைப் பார்க்க ஒரு ஸ்பேனர் போதும். உள் நட்டைப் பார்க்க ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு முறுக்கியதும் 'டக்' என்று சொல்லும் ஸ்பேனர்) வைத்து, திரும்ப மாட்டி, வெளி நட்டையும் முறுக்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் இப்படி. போட்டு நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு கரடுமுரடான பயணத்துக்குப் பின்னும் ஒருமுறை. மூன்றாவது வருடம் பாறைத் தடத்தில் போய் வந்தபின் வலது பின்சக்கரத்தைக் கழற்றினேன். ஐந்து நட்டுகள் 'டக்' என்று உடனே நின்றன. ஆறாவது, ரெஞ்ச் 'டக்' சொல்வதற்கு முன் கால் சுற்று போனது. அதைச் சுற்றி மட்டும் அலுமினியத்தின் மேல் கருஞ்சாம்பல் தூள் வளையமாகப் படிந்திருந்தது. உலோகமும் உலோகமும் உராய்ந்து உதிர்ந்த தூள். ஒரே ஒரு நட்டுதான். ஆனால் அன்றிலிருந்து பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, சக்கரச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன். குடும்பம் வண்டியில் இருக்கும்போது அந்தக் கால் சுற்று மனதை விட்டுப் போகவில்லை.

பேரிங் போனதற்கு ஸ்பேசர்தான் காரணம் என்று சொன்னால் அநியாயம். தண்ணீரில் இறங்கியிருக்கிறேன், டயர் கனமானது, நான்கு வருடம் ஆகிவிட்டது. ஸ்பேசருக்குப் பதில் ஆஃப்செட் 30 மி.மீ. குறைந்த, அதாவது சக்கரத்தை அதே அளவு வெளியே தள்ளும் ரிம் போட்டிருந்தாலும் பேரிங் மேல் அதே நெம்புகோல் சுமைதான் விழுந்திருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் கையை உதறுவதும் அதேபோல்தான். ரிம்மில் ஓர் இணைப்புதான், ஸ்பேசரில் இரண்டு. அதில் ஒன்று கண்ணுக்குத் தெரியாது. என் கோபமெல்லாம் அந்த ஒன்றின் மேல்தான்.

மீட்புச் சாமான்களைப் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். முதலில் நான் வைத்திருந்தது நீளாத பாலியெஸ்டர் பட்டை. புதைந்த வண்டியை அதில் ஓடி இழுத்தால் இரண்டு வண்டிக்கும் அடி விழும். இப்போது இருப்பது நைலான் கயிறு. ஏறக்குறைய 30 சதவீதம் வரை நீண்டு, ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு வரும். அந்த இழுவிசைதான் ஆபத்தும். மாட்டிய இடம் பிய்ந்தால் அந்த இரும்புத் துண்டு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். ட்ரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் கயிற்றை மாட்டாதீர்கள். அது உடைந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். லாரியில் வண்டியைக் கட்ட இருக்கும் சின்ன வளையமும் இதற்கு ஆகாது. சேசிஸில் போல்ட் போட்ட, மீட்புக்கென்றே செய்த கொக்கி வேண்டும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு ஷாக்கிளுக்குப் பதில் கயிற்று ஷாக்கிள் வைத்தால் பறக்கும் எடையாவது குறையும். ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். நான்கு வருடத்தில் கயிற்றை எடுத்தது மூன்று முறைதான். மண்வெட்டியை எடுத்த கணக்கு நினைவில் இல்லை.

பேரிங் மாற்றிய அன்றே ஸ்பேசர் நான்கையும் கழற்றச் சொன்னேன். ஸ்டியரிங் முழுதாகத் திரும்பாதபடி ஸ்டாப் போல்ட்டை நகர்த்தி வைத்தார்கள். யூ டர்னில் ஒருமுறை ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, சரிவில் அந்தப் பழைய நிதானமும் இல்லை. இரண்டுக்கும் வருத்தம்தான். ஆனால் நேற்று ராத்திரி நீண்ட தூரம் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

கழற்றியதைச் சும்மா கொடுத்துவிடு, நான் போட்டுக்கொள்கிறேன் என்றார் நண்பர். காற்று இறக்கும் கருவியையும் கம்ப்ரசரையும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள், ஸ்பேசரைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.