ஒரே தண்ணீர்த் தொட்டி, மூன்று வழிகள்: செட்டிநாட்டுப் பள்ளிகள் எந்தக் கருவியை வாங்கலாம்?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்துப் பள்ளிகளில், மின்சுற்றையும் சிறு இயந்திரத்தையும் கணினி நிரலையும் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்ற விருப்பம் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் இருக்கிறது. நிதி ஆயோக்கின் கீழ் 2016-இல் தொடங்கப்பட்ட அடல் புத்தாக்க இயக்கம், தேர்வாகும் பள்ளியில் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு ஓர் ஆய்வகம் அமைக்க 20 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் மாணவர்களிடம் அறிவியல் செய்முறைகளைக் கொண்டுசேர்க்கிறது. இவை போதாத இடங்களில் பழைய மாணவர்களும் ஊர்க்காரர்களும் பணம் தர முன்வருகிறார்கள். பணம் கைக்கு வந்ததும் எழும் கேள்வி, எதை வாங்குவது என்பதுதான்.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு, எந்தப் பலகையில் எத்தனை உணரிகள் உள்ளன, எந்தப் பெட்டியில் எத்தனை பாகங்கள் உள்ளன என்று எண்ணிப் பதில் சொல்கிறார்கள். என் அளவுகோல் வேறு. செய்த பொருள் வேலை செய்யாமல் நின்றுவிட்டால், அதன் காரணத்தைப் பிள்ளை தானே தேடிக் கண்டுபிடிக்க அந்தக் கருவி எவ்வளவு இடம் தருகிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். பொறியியல் என்பதன் பெரும்பகுதி அந்தத் தேடலில்தான் இருக்கிறது. எனவே சுற்றுப்புறத்தில் கிடைக்கும் எளிய பொருள்கள், நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகைகளான மைக்ரோபிட், ஆர்டுயினோ ஊனோ ஆகிய மூன்றையும் ஒரே வேலையில் இறக்கி ஒப்பிடுகிறேன். அந்த வேலை, பள்ளி மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் கீழே இருப்பவர்களுக்கு அறிவிப்பது. மழையை நம்பி ஊருணி வெட்டிக் காத்த பூமியில், மோட்டாரை நிறுத்த மறந்து தண்ணீர் வழிந்தோடுவதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இந்தத் தேவையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கையருகே கிடைப்பவை

முதல் வழிக்குக் கடைத்தெருவே போதும். மூடிய பிளாஸ்டிக் பாட்டிலை மிதவையாக்கி, அதில் கட்டிய கயிற்றை ஒரு கப்பியின் மேல் ஓடவிட்டு, மறுமுனையில் சிறு எடையைத் தொங்கவிட்டால், தண்ணீர் ஏற ஏற எடை கீழே இறங்கும். சுவரில் வரைந்த கோடுகளே அளவுகோல். கயிறு எங்கே சிக்கியது, எடை ஏன் இறங்கவில்லை என்பதெல்லாம் கண்முன்னே நடப்பதால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் பழுதைப் பார்த்துச் சரிசெய்துவிட முடியும்.

மிதவையைத் தாங்கும் சட்டத்தை எப்படிக் கட்டுவது என்ற கேள்வியிலேயே ஒரு முழுப் பாடம் இருக்கிறது. சைக்கிள் கடையில் வாங்கிய வால்டியூப் என்ற மெல்லிய ரப்பர் குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அவற்றில் தீக்குச்சிகளைச் செருகி வடிவங்கள் செய்யும் முறையை, விளையாட்டுப் பொருள்கள் வழியே அறிவியல் கற்பித்துவரும் அரவிந்த் குப்தா பரவலாக்கினார். நான்கு குச்சிகளால் செய்த சதுரத்தை விரலால் அழுத்தினால் அது சாய்ந்து குலைகிறது. மூன்று குச்சிகளால் செய்த முக்கோணம் எப்படி அழுத்தினாலும் வடிவம் மாறுவதில்லை. சதுரத்தின் குறுக்கே ஒரு மூலைவிட்டக் குச்சியை வைத்ததும் அதுவும் உறுதியாகிவிடுகிறது. மின்கோபுரங்களிலும் இரும்புப் பாலங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணத்தைப் பிள்ளைகள் விரல் நுனியில் உணர்ந்து கொள்ளும் இந்த அனுபவத்தை எந்த மின்னணுப் பலகையாலும் தர முடியாது.

அடுத்த படியாக, பிசி 547 என்ற டிரான்சிஸ்டர், ஒரு மின்தடை, ஒரு பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி ஆகியவற்றைக் கொண்டு ஒலி எழுப்பும் சுற்றைச் செய்யலாம். தண்ணீரில் முங்கிய இரண்டு கம்பிகளுக்கு இடையே ஓடும் சிறு மின்னோட்டம் டிரான்சிஸ்டரின் பேஸ் முனைக்குச் செல்கிறது. அது பஸ்ஸருக்குத் தேவையான பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடுகிறது. பஸ்ஸர் கத்தும் அந்தக் கணத்தில் வகுப்பறையில் எழும் ஆரவாரம் பெரியது. ஆனால் உண்மையான பாடம் சில நாள்கள் கழித்துத்தான் வருகிறது. தண்ணீரிலேயே கிடந்த செம்புக் கம்பிகளை வெளியே எடுத்துப் பார்த்தால், பேட்டரியின் நேர்முனையோடு இணைந்த கம்பி மட்டும் நிறம் மாறி, பச்சை பூத்து, மெல்ல அரித்துப்போயிருக்கும். மற்றது ஏறக்குறைய பழையபடியே இருக்கும். ஒரே கம்பியிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள், ஒரே தண்ணீர், இருந்தும் ஏன் இந்த வேறுபாடு என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்குகிறார்கள்.

காரைக்குடியில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனமும் உண்டு. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது நாம் சிக்ரி என்று அழைக்கும் நிறுவனம், உலோக அரிமானத்தையும் மின்கலங்களையும் ஆராய்வதற்கென்றே இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அதை இங்கே வரவழைத்தார். அதன் சுற்றுச்சுவரைத் தாண்டித் தினமும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்பதை அந்தப் பச்சை பூத்த கம்பி ஓரளவு புரியவைக்கும். குடிநீர்த் தொட்டியில் செம்புக் கம்பியை நிரந்தரமாக விட்டுவைக்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சோதனையை வாளித் தண்ணீரில் நடத்திவிட்டு, தொட்டிக்குத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் பயன்படுத்துவது நல்லது.

இந்த வழியின் குறை, அதற்கு நினைவு இல்லை என்பது. தொட்டி எத்தனை மணிக்கு நிரம்பியது, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. மேலும், நடத்தையைச் சிறிது மாற்ற வேண்டுமென்றாலும் சுற்றைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

மைக்ரோபிட்

பிபிசி முன்னின்று உருவாக்கி, 2016-இல் பிரிட்டனில் பத்து லட்சம் அளவிலான பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட சிறு பலகை இது. உள்ளங்கைக்குள் அடங்கும் இதில் ஐந்துக்கு ஐந்தாக 25 சிவப்பு விளக்குகளும், இரண்டு பொத்தான்களும், அசைவையும் காந்தப்புலத்தையும் உணரும் உணரிகளும், ரேடியோ வசதியும் பலகையிலேயே உள்ளன. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் சேர்ந்தன. திரையில் வண்ணக் கட்டங்களை இழுத்து அடுக்கினாலே நிரல் உருவாகிவிடும். கேபிளால் இணைத்ததும் கணினியில் ஒரு பென்டிரைவைப் போலத் தோன்றும் பலகைக்குள் அந்தக் கோப்பை நகலெடுத்தால் வேலை முடிந்தது.

தொட்டி வேலைக்கு இது வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. பலகையின் விளிம்பில் 0, 1, 2 என எண்ணிட்ட மூன்று பெரிய துளைகளிலிருந்து முதலைக் கிளிப்புகளால் மூன்று கம்பிகளைக் கால், அரை, முழு ஆகிய உயரங்களில் தொங்கவிட்டு, மின்னோட்டம் திரும்பிவரும் கிரவுண்ட் துளையிலிருந்து ஒரு கம்பியை அடிமட்டம் வரை விட்டால் போதும். தண்ணீர் கிரவுண்டையும் மற்றொரு கம்பியையும் இணைத்ததும், அந்தத் துளையை விரலால் தொட்டதாகவே பலகை எடுத்துக்கொள்கிறது. தனி மின்தடையோ டிரான்சிஸ்டரோ தேவைப்படுவதில்லை. இம்முறையில் தண்ணீர் வழியே ஓடும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது என்பதால், கம்பி அரிப்பதும் வெகுவாகக் குறைகிறது. இன்னொரு பலகை கீழே வகுப்பறையில் இருந்தால், மேலே இருப்பது ரேடியோ வழியே அதற்குச் செய்தி அனுப்பும். கனத்த பழைய சுவர்கள் குறுக்கே வந்தால் தொலைவு குறையும், எங்கே வைத்தால் செய்தி எட்டுகிறது என்று பிள்ளைகள் படிக்கட்டில் ஏறி இறங்கித் தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலும் நல்லதே.

ஆனால் இதே எளிமையில் ஓர் இழப்பும் இருக்கிறது. டிரான்சிஸ்டர் சுற்றைக் கட்டிய பிள்ளைக்குத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துகிறது என்பது தெரியும். கட்டங்களை மட்டும் அடுக்கிய பிள்ளைக்குத் துளை தொடப்பட்டது என்ற முடிவு மட்டுமே தெரியும். இதனால்தான் முதல் வழியைத் தாண்டிவராத வகுப்பில் மைக்ரோபிட்டைத் தொடங்குவதை நான் விரும்புவதில்லை. பலகையின் பின்புறம் திறந்தே இருப்பதால் இரும்பு மேசைமேல் வைத்தால் குறுக்குச் சுற்று ஏற்படலாம். 3 வோல்ட்டில் இயங்கும் இதனோடு 9 வோல்ட் பேட்டரியை நேரடியாக இணைத்தால் பலகை பாழாகிவிடும். மோட்டாரை இதன் துளையிலிருந்தே நேராகச் சுழற்றவும் முடியாது.

ஆர்டுயினோ ஊனோ

இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005-இல் பிறந்த ஆர்டுயினோ குடும்பத்தில், ஊனோ பலகை 2010-இல் வந்தது. இதில் உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகளை மட்டும் அறியும் 14 டிஜிட்டல் முனைகளும், கூடிக் குறையும் மின்னழுத்தத்தை அளக்கும் 6 அனலாக் முனைகளும் உள்ளன. 5 வோல்ட்டில் இயங்கும். வடிவமைப்பு திறந்த உரிமையில் வெளியிடப்பட்டிருப்பதால், யார் வேண்டுமானாலும் அதேபோன்ற பலகையைத் தயாரிக்கலாம். எனவே சில நூறு ரூபாய்க்கே இதன் நகல்கள் கிடைக்கின்றன. மைக்ரோபிட்டுக்கு அதைப்போல் சில மடங்கு செலவாகும். ஆனால் மைக்ரோபிட்டில் கூடவே வரும் விளக்கு, பொத்தான், ரேடியோ ஆகியவற்றை இங்கே தனித்தனியே வாங்கி, கம்பிகளைச் செருகிச் சுற்று கட்டும் துளைப்பலகையான பிரெட்போர்டில் கம்பி கம்பியாக இணைக்க வேண்டும் என்பதால், அந்த விலை வேறுபாடு தோன்றும் அளவுக்குப் பெரியதன்று.

தொட்டிக்கு இங்கே மீயொலி உணரியைப் பயன்படுத்தலாம். தொட்டியின் வாயில் பொருத்திய உணரி, காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்புகிறது. அது தண்ணீர் மட்டத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தைப் பலகை அளக்கிறது. நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தொலைவு. ஒலிப் பாடத்தில் எதிரொலிக் கணக்குகளைப் போட்டுப் பழகிய மாணவருக்கு, அந்தச் சூத்திரம் மொட்டைமாடியில் வேலை செய்வதைக் காண்பது பெரும் மகிழ்ச்சி. தண்ணீரைத் தொடுவதே இல்லை என்பதால் அரிப்புக்கும் இடமில்லை.

இதில்தான் ஒரு நுட்பமான சிக்கல் காத்திருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் நிரல்களில் ஒலியின் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 343 மீட்டர் என்றே இருக்கும். அது 20 டிகிரி வெப்பத்துக்கு உரியது. சித்திரை வெயிலில் நம் மாடித் தொட்டிக்குள் காற்று 40 டிகிரியை எட்டினால் வேகம் ஏறத்தாழ 355 மீட்டராகிவிடும்; ஒரு மீட்டர் தொலைவில் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் பிழை வரும். காலையில் சரியாகக் காட்டிய கருவி மதியத்தில் தண்ணீர் கூடியதாகச் சொல்கிறதே என்று குழம்பும் மாணவி, அளவுநாடாவால் அளந்து, வெப்பநிலையைக் குறித்து, நிரலில் ஒரு வரியை மாற்றிச் சரிசெய்தால், அவள் செய்திருப்பது முறையான பொறியியல் பணியே. இந்த ஆழம் ஆர்டுயினோவின் பலம்.

அதன் விலையும் அதே இடத்தில்தான். ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் நிரல் ஏறாது. காரணம் ஆங்கிலத்தில் வரும். தமிழ்வழியில் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தச் செய்தி சுவரைப் போல நின்றுவிடும். நகல் பலகைகள் பலவற்றுக்குக் கணினி அவற்றை அடையாளம் காண டிரைவர் என்ற தனி மென்பொருளை நிறுவ வேண்டும். பிரெட்போர்டில் ஒரு கம்பி சற்றே தளர்ந்தாலும், தவறு நிரலிலா இணைப்பிலா என்று தெரியாமல் ஒரு பாடவேளை முழுவதும் போய்விடும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு இது பயிற்சி. அதற்குக் கீழே இருப்பவர்களில் பலருக்கு இது சோர்வு. தொட்டி நிரம்பியதும், பலகை இயக்கும் சுவிட்சான ரிலே வழியே மோட்டாரையே நிறுத்தலாம் என்று மாணவர்கள் கேட்பார்கள். 230 வோல்ட் இணைப்பைத் தகுதியுள்ள மின்பணியாளரே தொட வேண்டும். மாணவர்களின் பணி விளக்கோடும் பஸ்ஸரோடும் நின்றுவிட வேண்டும்.

வேலையை மாற்றினால் முடிவும் மாறும். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என ஒவ்வோர் இடத்திலும் வெக்கை எப்போது ஏறி எப்போது தணிகிறது என்பதை அப்பத்தாக்கள் அனுபவத்தில் அறிவார்கள். அதை எண்களாக்க வேண்டுமென்றால் இரவும் பகலும் பதிவு செய்யும் கருவி தேவை. ஊனோவில் அதற்குத் தனி மெமரி கார்டு பாகம் வேண்டும். மைக்ரோபிட்டின் இரண்டாம் பதிப்பு தன்னிடமே தரவைச் சேமித்துக்கொள்ளும். ஆனால் மைக்ரோபிட் காட்டுவது தன் சில்லின் வெப்பநிலை என்பதால் அறையின் வெப்பத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இரண்டு பலகைகளை முதலில் ஒரே இடத்தில் வைத்து அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, பிறகு ஒன்றை முற்றத்திலும் மற்றதை உள்கட்டிலும் வைத்தால், இடங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை நம்பலாம். அறையின் துல்லியமான வெப்பநிலையே வேண்டுமென்றால், ஊனோவும் அரை டிகிரிப் பிழைக்குள் அளக்கும் டிஎஸ்18பி20 உணரியும் மேல்.

பாகங்கள் எல்லாம் தயாராக வரும் ஆயத்த ரோபோ பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை அழகாகப் பொருந்தும், விரைவில் ஓடும். ஆனால் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள பெட்டியின் ஒரு பாகம் தொலைந்தால் அதை நம் ஊரில் வாங்க முடியாது. லெகோவின் புகழ்பெற்ற மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையே 2022 முடிவில் நிறுத்தப்பட்டது.

நாற்பது மாணவர்கள் உள்ள ஒரு பள்ளிக்கு என் பரிந்துரை இதுதான். முதல் பருவத்தில் வால்டியூப், மிதவை, டிரான்சிஸ்டர் சுற்று ஆகியவற்றை இருவருக்கு ஒரு தொகுதியாக எல்லாருக்கும் கொடுங்கள். அடுத்து, நால்வருக்கு ஒன்றாகப் பத்து மைக்ரோபிட்டுகள் வாங்குங்கள். பணம் மிஞ்சினால் ரேடியோ வேலைக்காக ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டாவது ஒன்றையும் வாங்கிக்கொள்ளலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஐந்து ஊனோ போதும். பெரிய பெட்டி ஒன்றை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பதைவிட, உடைந்தால் கவலைப்படாமல் மாற்றக்கூடிய சிறு பொருள்கள் நிறைய இருப்பதே பிள்ளைகளைத் துணிந்து தொடவைக்கும். பலகைகளோடு கேபிள்களையும் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி, ஒவ்வொன்றையும் கணினியில் இணைத்துப் பார்த்துவிடுங்கள். செல்போன் சார்ஜருக்கு வரும் சில கேபிள்களில் மின்சாரம் மட்டுமே செல்லும், நிரல் செல்லாது.